பேரனின் கிதாருக்கு ஒரு வால்வுப் பெட்டி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது, ஆவணியில் கிளம்புகிறாள். பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் ஒன்றுதான்: நான் மறுபடியும் சால்டரிங் அயர்ன் பிடித்துவிட்டேன். அதுவும் நம் பழைய ரேடியோ காலத்துக் கண்ணாடி வால்வுக்கு!

பெரியவளின் மகன் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? போன மாதம் ஒரு ஓவர்டிரைவ் பெட்டி, அதாவது கிதாரின் சத்தத்தை வேண்டுமென்றே உடைத்துக் கரகரக்க வைக்கும் பெட்டி, வாங்கி வந்தான். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைத்துக் காலால் அமுக்குவது. முன்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே வால்வு செக்கச்செவேலென்று எரிகிறது. "தாத்தா, நீங்கள் சொல்வீர்களே, அதே வால்வு" என்று காட்டினான். பார்த்தால் 12ஏஎக்ஸ்7. நம் இசிசி83தான்! மைக் செட்டின் முதல் ஸ்டேஜில் உட்கார்ந்திருக்குமே, அதே ஒன்பது கால் வால்வு. எனக்கு ஒரு கணம் நாம் வேலை பார்த்த மைக் செட் கடை வாசனையே வந்துவிட்டது.

திறந்து பார்க்காமல் இருக்க முடியுமா? வால்விலிருந்து சிக்னல் வெளியே வரும் முனையான பிளேட்டில் மீட்டரை வைத்தேன். 12 வோல்ட். வால்வுக்கு வேண்டிய உயர் வோல்டேஜே (ஹெச்.டி.) இல்லை. வால்வுக்கு முன்னால் எட்டுக் கால் ஐசி ஒன்று, அதைச் சுற்றி இரண்டு டயோடு. சத்தம் உடைவதெல்லாம் அந்த டயோடுகளில்தான். அந்தச் சிவப்புக்கும் காரணம் வால்வுக்கு அடியில் வைத்த ஒரு எல்இடி.

குறைந்த வோல்டேஜில் வால்வை ஓட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பி.கே. பட்லர் என்பவரின் டியூப் டிரைவர் என்ற பெட்டி அந்த வழியில் செய்ததுதான். டேவிட் கில்மோர், எரிக் ஜான்சன் போன்ற பெரிய வாசிப்பாளர்கள் அதைப் பல வருடம் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிளேட்டில் வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது வால்வு மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் கரண்ட் எடுக்கும், பெருக்கம் குறையும், சிக்னல் சீக்கிரமே மழுங்கும். அதைத் தெரிந்து, அதற்கென்றே சர்க்யூட் அமைத்தால் அதுவும் ஒரு குரல். பேரன் வாங்கிய பெட்டியில் வால்வுக்கு அப்படி வேலை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. சரி, 250 வோல்ட் கொடுத்து நாமே ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

டிரான்ஸ்பார்மரைச் சொல்லிச் சுற்றி வாங்கினேன்: 190 வோல்ட் ஒன்று, வால்வைச் சூடேற்றும் ஹீட்டருக்கு 12 வோல்ட் ஒன்று. 190-ஐ ரெக்டிஃபை செய்தால் 268 வருகிறது, ஃபில்டர் கடந்து 250 நிற்கிறது. ஹீட்டருக்கு டிசி கொடுத்துவிட்டேன். ஏசி கொடுத்தால் முதல் ஸ்டேஜில் ஹம் ஏறும் என்பதை நாம் ராத்திரி முழுக்க விழித்துக் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறதா?

ஒரே வால்வுக்குள் இரண்டு டிரையோடு, அதாவது இரண்டு பெருக்கி. முதல் பாதி நீ கண்ணை மூடிக்கொண்டு வரைவாய். பிளேட்டில் 100 கே ரெசிஸ்டர், எலெக்ட்ரான் புறப்படும் கேத்தோடில் 1.5 கே, அதன்மேல் 22 மைக்ரோ கண்டென்சர், சிக்னல் நுழையும் கிரிட்டுக்கு 1 மெக் ரெசிஸ்டர். பிளேட்டில் 165 வோல்ட், கேத்தோடில் 1.25 வந்தது. பெருக்கம் ஏறக்குறைய 60 மடங்கு. கிதாரின் பிக்கப் 0.1 வோல்ட் கொடுத்தாலும் மறுபக்கம் 6 வோல்ட். அதை அப்படியே இரண்டாவது டிரையோடின் கிரிட்டில் கொட்டினால் அது தாங்காது. தாங்காமல் உடைவதுதான் ஓவர்டிரைவ், அதுதானே வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு ஸ்டேஜையும் இணைக்கும் கப்ளிங் கண்டென்சர் 0.1 மைக்ரோ போட்டேன், ஒரு மெக் வால்யூம் வைத்தேன், இரண்டாவது ஸ்டேஜையும் முதல் ஸ்டேஜ் மாதிரியே கட்டி முடித்தேன்.

பேரன் வாசித்தான். மெல்லத் தொட்டால் அழகாக இருந்தது. அழுத்தி அடித்தால் சத்தம் ஒரு கணம் செத்து, அப்புறம் விக்கிக்கொண்டு திரும்பி வந்தது. தடித்த தந்தியில் வெறும் உறுமல். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது தாத்தா என்றான். அந்த முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் யோசித்தேன், முருகேசா. பலமான சிக்னல் வந்து கிரிட் பாஸிட்டிவ் ஆகும்போது கிரிட்டே கரண்ட் எடுக்கிறது. அந்தக் கரண்ட் கப்ளிங் கண்டென்சரைச் சார்ஜ் செய்துவிடுகிறது. சிக்னல் தணிந்த பிறகும் அந்தச் சார்ஜ் கிரிட்டை நெகட்டிவ்வாக இழுத்துப் பிடிக்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது. 0.1 மைக்ரோவும் 1 மெக்கும் சேர்ந்தால் பத்தில் ஒரு நொடி. காதுக்கு நன்றாகவே தெரியும் நேரம் அது. கண்டென்சரை 0.022 ஆக்கி, கிரிட்டுக்கு முன்னால் 470 கே ஒன்றைத் தொடராகப் போட்டேன். சார்ஜ் ஏறுவதும் குறைந்தது, ஏறியது இறங்கவும் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். விக்கல் நின்றுவிட்டது.

உறுமலுக்கு மருந்து வேறு இடத்தில் இருந்தது. கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். அதை முழுசாகப் பெருக்கி உடைத்தால் மற்ற சுரங்களையெல்லாம் அது விழுங்கிவிடுகிறது. முதல் கேத்தோடில் இருந்த 22 மைக்ரோவை எடுத்துவிட்டு 0.68 போட்டேன். இப்போது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் தளர்ந்து, ஆக அடியில் பாதியாகிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களில் அந்த 0.68 ரொம்பக் காலமாகவே இருக்கிறது.

மார்ஷல் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். லண்டனில் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்பவர் டிரம்ஸ் கடை வைத்திருந்தார். கிதார் வாசிப்பவர்களும் அங்கே வருவார்கள். 1962-ல் அவரும் அவருடைய ஆட்களும் ஃபெண்டர் பாஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட்டைப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களை வைத்து ஒன்று கட்டினார்கள். ஃபெண்டரின் முதல் வால்வு 12ஏஒய்7, அதன் ஆம்ப்ளிஃபிகேஷன் ஃபாக்டர், அதாவது பெருக்கும் திறன், நாற்பதை ஒட்டியது. இவர்கள் அந்த இடத்தில் இசிசி83 செருகினார்கள், அதற்கு 100. ஒரு வால்வை மாற்றியதிலேயே சத்தம் சீக்கிரம் உடைய ஆரம்பித்துவிட்டது. ஸ்பீக்கரும் பெட்டியும்கூட வேறுதான், ஆனால் எனக்கு அந்த முதல் வால்வின்மேல்தான் கண்.

என் இரண்டாவது ஸ்டேஜையும் அவர்களிடமிருந்தே எடுத்தேன். பின்னாளைய 2203 மாடலில் ஒரு ஸ்டேஜின் கேத்தோடில் 10 கே போட்டு, மேலே கண்டென்சரே வைக்காமல் விட்டிருப்பார்கள். கரண்ட் கால் மில்லியாம்பியரை ஒட்டித்தான் ஓடும். என் பெட்டியில் அந்தப் பிளேட் 225 வோல்ட்டில் நிற்கிறது. மேலே ஏற 25 வோல்ட்தான் இடம், கீழே இறங்க நிறைய இடம். அதனால் அலையின் ஒரு பக்கம் சட்டென்று வெட்டுப்படுகிறது, மறுபக்கம் மெதுவாக மழுங்குகிறது. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. பேரனுக்கு வேண்டியிருந்த அந்தத் தடிப்பு இங்கிருந்துதான் வருகிறது.

வெளியே வருவது பல பத்து வோல்ட், அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குள் விடக்கூடாது. கண்டென்சருக்குப் பிறகு 1 மெக்கும் 22 கே-யும் வைத்து ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தேன். 22 கே-யின் குறுக்கே 0.0015 ஒன்று போட்டதில், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்த கீச்சு அடங்கியது. உடைப்பதற்கு முன்னால் கீழ்ச்சுரத்தைக் குறைப்பது, உடைத்த பிறகு மேல்கீச்சைக் குறைப்பது. இந்த வரிசை மாறினால் அதே பாகங்கள் கேட்கவே முடியாத சத்தம் தருகின்றன. மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன்.

கடையில் நமக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஐயா என்ன சொல்வார்? "உள்ளே போனது போனபடியே வெளியே வரணும்." திருவிழாவுக்குப் போன செட் கரகரத்தால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. அவர் இருந்திருந்தால் இந்தப் பெட்டியைக் கேட்டு முதலில் கோபப்பட்டிருப்பார். அப்புறம் ஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, 10 கே ஏன், 470 கே ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார். கெடாமல் பார்த்துக்கொள்ள அவர் சொல்லிக்கொடுத்த அதே கணக்கை வைத்துத்தான் இப்போது அளந்து கெடுக்கிறேன். அவரிடம் காட்ட முடியவில்லையே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பேரனுக்கு அவர் சொன்ன ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன்: பெட்டி திறந்திருக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால். ஃபில்டர் 47 மைக்ரோ, அதன் குறுக்கே 220 கே நிரந்தரமாக இருக்கிறது. ஆஃப் செய்து ஒரு நிமிடத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் வைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இப்போது அவனுடைய நண்பன் ஒருவனும் இதே மாதிரி கேட்கிறான். என்னிடம் வால்வு தீர்ந்துவிட்டது. கடையை மூடும்போது நீ ஒரு தகரப் பெட்டி எடுத்துப் போனாயே, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பிஇஎல்) வால்வுகளும் அதில் இருந்தன அல்லவா? இசிசி83 ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார். இருந்தால் கூரியரில் போடாதே. முழங்கால் சரியானதும் நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. நான்கு நாள் தங்கு. அந்த 10 கே-யை 4.7 ஆக்கிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, கேட்டுச் சொல்ல உன் காது வேண்டும்.

உன்,
தங்கராசு