சிறுவர்களுக்குத் தலைமுட்டுப் பயிற்சி வேண்டாம்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, இங்கிலாந்துக் கிளப் அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1968 இறுதியாட்டத்தில் எவர்டன் அணிக்கு எதிராக அவர் அடித்த வெற்றி கோலை விரிவாகச் சொல்லிவிட்டு, அவரது மரணத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் அந்த முன்கள வீரர், ஓய்வுக்குப் பின் ஜன்னல் துடைக்கும் தொழில் நடத்தினார்; மறதி நோய் முற்றி 2002இல் 59 வயதில் இறந்தார். பந்தைத் தலையால் முட்டி முட்டியே மூளை சிதைந்தது, இது தொழில்சார் நோய் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. மழையில் ஊறிய அக்காலத் தோல் பந்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

என் மகன் செல்லும் கோடைப் பயிற்சி முகாமில் பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்று, பயிற்சியாளர் வீசும் பந்தை முட்டுகிறார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உச்சந்தலையில் வாங்குபவர்களே அதிகம்! கால்பந்து பிறந்த இங்கிலாந்திலேயே தொடக்கப்பள்ளி வயதினருக்கு இப்பயிற்சி கூடாது என்று 2020இல் வழிகாட்டுதல் வந்துவிட்டது. 12 வயதுக்கு உட்பட்டோருக்கான முகாம்களில் இதே விதியை நம் விளையாட்டுத் துறையும் கட்டாயமாக்கி, சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிடச் செய்யலாம்.

– வாசகர், திருச்சி