ஆறு நிமிட நாற்காலி

அன்புள்ள அண்ணாச்சி,

ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறு மறுபடியும் வந்துபோய்விட்டது. 2001 முதல் உலகெங்கும் உள்ள, லென்ஸ் இல்லாமல் ஊசித்துளை வழியே படமெடுக்கும் ஊசித்துளைப் படக்காரர்கள் ஆளுக்கொரு படத்தை முன்வைக்கும் அந்த நாளில், இந்த வருடம் நான் எதையும் அனுப்பவில்லை. போன வருடம் அனுப்பியது எது என்பதும், அதன்பிறகு என் அழைப்பை நீங்கள் எடுக்காததும் நமக்குத் தெரிந்தவைதான்.

அந்த ஆறு நிமிடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஊசித்துளை போட்டுக் கேமராவாக்கிய பால்மாவு டப்பாவைச் செங்கல்லின் மேல் வைத்து, ஊட்டி ஆலையில் செய்து காலாவதியாகி வெகுகாலமான 'இந்து' என்ற பெயர்கொண்ட பிரோமைடு படத்தாளை உள்ளே வளைத்துச் செருகி, துளையை மூடியிருந்த கறுப்பு டேப்பை நான் உரித்தபோது, உங்கள் போட்டோக் கடை வாசலில் அந்த இரும்பு நாற்காலியில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருபவரைப் போல நீங்கள் விறைப்பாக உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டாவது நிமிடம் முடிவதற்குள், பேத்தியைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மாள் வந்து, பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டும் என்றார். நீங்கள் எழுந்தீர்கள். கடை இனி இல்லை என்பதை அவரிடம் சொல்லி முடிக்க மீதி நேரம் முழுவதும் பிடித்தது. நான் டேப்பைத் திரும்ப ஒட்டவில்லை. ஒட்டியிருக்க வேண்டும்.

கழுவி, நெகட்டிவை நேர்ப்படமாக்கிப் பார்த்தபோது நாற்காலி அப்படியே விழுந்திருந்தது. அதில் நீங்கள் மூச்சுப் பட்ட கண்ணாடியைப் போல இருந்தீர்கள், முதுகுக் கம்பிகள் உங்கள் சட்டைக்குள் தெரிந்தன. சிவப்பை உணராத தாள் ஆதலால் வாசற்படியின் காவி கரியாகக் கறுத்திருந்தது. அதைவிட நல்ல படம் எனக்கு இதுவரை அமையவில்லை. உங்களிடம் காட்டாமல் அனுப்பியது தவறு. காட்டினால் அனுப்ப விடமாட்டீர்கள் என்று தெரிந்துதான் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்கும்போதே இதையும் சொல்லிவிடுவது நல்லது. "ஆளைக் காணோமே" என்று நண்பர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதவில்லை. கடை மூடப்பட்ட காரணத்தையும் எழுதவில்லை.

ஆனால், "தாளுக்குப் பிடித்த கேடு" என்று எல்லார் முன்பும் சொன்னீர்களே அண்ணாச்சி. 1838-இல் புகைப்பட முன்னோடி தாகேர் பாரிஸ் தெருவைப் படம் எடுத்தபோது வண்டிகளும் கூட்டமும் மறைந்து, காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவர் மட்டும் பதிந்த கதையை எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். நெகட்டிவில் பென்சிலை வைத்து, டச்சிங் என்ற பெயரில் ஊரார் முகத்துச் சுருக்கங்களையும் அம்மைத் தழும்புகளையும் காலமெல்லாம் அழித்தவருக்கு, வெயில் ஒரே ஒருமுறை தம்மை அழித்தது பொறுக்கவில்லையா? கேட்டிருக்கக் கூடாது. படம் கழுவி நாற்றமெடுத்த ஹைப்போக் கரைசலைக் கொட்டச் சொல்லி அதட்ட ஆளில்லாத கோபத்தில் கேட்கிறேன்.

அன்று இரண்டாவதாகவும் ஒரு தாள் போட்டோம். அந்த அம்மாள் போன பிறகு நீங்கள் திரும்ப வந்து உட்கார்ந்து, ஆறு நிமிடமும் அசையாமல் இருந்தீர்கள். அதை நான் இன்னும் கழுவவில்லை. கறுப்பு உறைக்குள் இருக்கிறது. யாருக்கும் அனுப்பமாட்டேன். மாடியறையின் சிவப்பு பல்பு போன மாதம் பீஸ் போய்விட்டது. உங்கள் கடையில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தீர்களானால், சேர்ந்தே கழுவலாம்.

இப்படிக்கு,
தம்பி