சொல் பட்டியலை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கல்விப் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் பட்டியலைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். அதன் அமைப்பில்தான் குறை. சொல், தமிழ்ப் பொருள், ஒரு சினானிம் (ஒத்த சொல்), ஒரு ஆன்டனிம் (எதிர்ச்சொல்) என்று நான்கு கட்டம் போட்டால் பிளஸ் டூ ஒரு மதிப்பெண் வினாவைத் தாண்டலாம். மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் முதல் கட்டத்தில், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும் இடத்தில், அதே பட்டியல் காலை வாரிவிடும்.

'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' இரண்டுக்கும் 'பெயர்பெற்ற' என்று எழுதிக்கொண்டவர் விஞ்ஞானியையும் கொள்ளைக்காரனையும் ஒரே அடைமொழியால் அழைப்பார். 'ஃப்ரூகல்' என்பது சிக்கனம், பாராட்டு. 'ஸ்டிஞ்சி' கஞ்சத்தனம், வசவு. பணத்தை இறுக்கிப் பிடிப்பது இரண்டிலும் உண்டு, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பொருள் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடாது. மாணவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதிகள் சுமார் 2,000 முதல் 3,000 எளிய சொற்களை வைத்தே மற்றதையெல்லாம் விளக்குகின்றன; பள்ளி ஆங்கிலம் போதும். சொல் இகழ்ச்சியாக வழங்குவதானால் அந்தக் குறிப்பும் அங்கேயே இருக்கும்.

எதிர்ச்சொல் சொல்லுக்கு இல்லை, பொருளுக்குத்தான். 'ஹார்ட்' ஆன கேள்விக்கு எதிர் 'ஈஸி', 'ஹார்ட்' ஆன படுக்கைக்கு எதிர் 'சாஃப்ட்'. 'இன்' முன்னால் வந்தாலே எதிர்மறை என்ற நினைப்பு இன்னொரு குழி. 'இன்வேல்யுவபிள்' என்றால் விலைமதிக்க முடியாதது. அதற்கு எதிர் 'வொர்த்லெஸ்'. பெட்ரோல் டேங்கரின் முதுகில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பது தீப்பற்றாது என்பதற்காகவா?

அந்தக் காலத்தில் சூடாமணி நிகண்டு என்ற தமிழ்ச் சொற்பொருள் நூலை மனப்பாடம் செய்யவில்லையா என்று கேட்கலாம். அது விருத்தப்பா, ஓசையே அடுத்த சொல்லை இழுத்துவரும். கட்டம் போட்ட பட்டியலில் அது எங்கே?

ஒத்த சொற்களையோ எதிர்ச்சொற்களையோ ஒரே நாளில் புதிதாகப் படிக்கவும் கூடாது. 'டேசிடர்ன்' (அதிகம் பேசாத), 'லொக்வேஷியஸ்' (ஓயாமல் பேசும்) இரண்டையும் சேர்த்துப் படித்தால் வாயாடி யார், வாய் திறக்காதவர் யார் என்று மறுவாரமே குழம்பும். முதல் சொல் படிந்தபின், இரண்டு வாரம் கழித்து அடுத்தது. நாளுக்கு எட்டுச் சொல் போதும். பாதி அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை: முன்பக்கம் அந்தச் சொல் இருக்க வேண்டிய இடம் காலியாக விட்ட வாக்கியம், பின்பக்கம் சொல், ஆங்கில விளக்கம், நெருங்கிய சொல்லோடு என்ன வேறுபாடு, அந்தப் பொருளுக்கு உரிய எதிர்ச்சொல். 1, 3, 7, 21 ஆகிய நாட்களில் திரும்பப் பார்க்க வேண்டும். தவறினால் அந்த அட்டை முதல் நாளுக்கே போகும். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். முதலிலேயே திருப்பிவிட்டு 'தெரிந்ததுதானே' என்று தலையாட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் செல்வோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் 2011-லேயே தனி ஆன்டனிம் வினாக்களை எடுத்துவிட்டு, ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஆறிலிருந்து பொறுக்கும் வினாவைக் கொண்டுவந்தார்கள். தாங்களும் சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியமும் வேறுபாட்டுக் குறிப்பும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்