கண் போகும் பக்கம் வண்டி

தல்லாகுளம், மதுரை

அன்புள்ள மாப்பிள்ளை முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது.

மருமகன் நேர் ரோட்டில் பைக்கை நன்றாக ஓட்டுகிறான், வளைவில் மட்டும் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்குகிறது என்று எழுதியிருந்தாய். டயர், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எல்லாம் சரி என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பது அவன் பார்வைதான். எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதையே முறைத்தால் வண்டியும் அங்கேயே போகும். தலை திரும்பும் பக்கம் தோள் திரும்பும், தோளோடு கையின் அழுத்தமும் மாறும். சுமார் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், இடது பக்கம் சாய இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். பார்வை தடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டால் கை விறைத்து அந்தத் தள்ளல் நடக்காமல் போகும். பதற்றத்தில் முன் பிரேக்கை அழுத்துவான். சாய்ந்த வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கமே ஓடும்.

சிறுமலைக்குப் போகப் போகிறானாமே, அங்கே 18 கொண்டை ஊசி வளைவு. வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கையும் கியரையும் முடித்துவிடச் சொல். பிறகு கண்ணை மட்டும் உருட்டினால் போதாது. முகவாயே தோளுக்கு மேல் வர வேண்டும், பார்வை வளைவு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். வண்டி சாய்ந்தாலும் கண் மட்டம் சாயக் கூடாது. ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக இருக்கட்டும். நாம் இடது பக்கம் போகிறவர்கள் என்பதால் இடது கொண்டை ஊசிதான் இறுக்கம். அதில் அகன்றால் எதிரே இறங்கும் பஸ்ஸின் பாதை. வலது வளைவில் வேறு ஆபத்து: சக்கரம் நம் பக்கமே இருக்கும், சாய்ந்த தலை நடுக்கோட்டைத் தாண்டியிருக்கும்.

நீண்ட வளைவுகளில் ரோட்டின் இரண்டு ஓரமும் சேர்வதுபோல் தெரியும் புள்ளியைப் பார்க்க வேண்டும். அது கிட்டே வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறை. விலகி ஓடினால் வளைவு விரிகிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. முன் சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் பார்ப்பவன் பள்ளத்தைக் காண்பதற்குள் அதில் விழுந்திருப்பான். மூன்று நான்கு நொடித் தொலைவு, அதாவது ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பால் பார்வை இருக்கட்டும். பள்ளத்தைக் கண்டதும் அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல தாரைப் பார்க்க வேண்டும்.

இரவில் எதிரே ஹை பீம் வந்தால் வேகத்தைக் குறைத்து, இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்க்கலாம். கோடில்லாத ரோட்டில் தாரும் மண்ணும் சேரும் விளிம்பு. ஆனால் விட்டு விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதையே வெறித்தால் வண்டி மண்ணில் இறங்கிவிடும்.

பழகுவதற்குக் காலி மைதானம் போதும். தண்ணீர் பாட்டில்களை ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தி, 15 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து வளைந்து போகட்டும். பாட்டிலைப் பார்த்தால் இடிப்பான். அடுத்த இடைவெளியைப் பார்த்தால் தப்பிப்பான். செங்கல் மட்டும் வைக்க வேண்டாம். அது கைவந்தபின் எட்டுப் போடட்டும், பாதி வட்டத்துக்கு முன்பே தலையை அடுத்த பக்கம் திருப்பி. மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடக் கூடாது, வண்டி சாய்ந்துவிடும். பின் பிரேக்கும் பாதி க்ளட்ச்சும் போதும்.

மலைக்குப் போகும் முன் ஒரு ஞாயிறு இங்கே அனுப்பு, அழகர்கோயில் ரோட்டில் அவன் பின்னாலேயே வந்து தலை திரும்புகிறதா என்று பார்க்கிறேன். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் இருந்தால் மாற்றிவிட்டு வரச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்