ஊதியூர் அருகே லாரியை நிறுத்திய அண்ணாவுக்கு

காங்கேயம்–தாராபுரம் சாலையில், புதுப்பித்த என் பழைய அம்பாசிடரின் பிரேக் மிதி மெத்துமெத்தென்று அடிவரை இறங்கியது. பட்டறையில் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்துக் கொடுத்த வண்டிதான்!

நான் கூப்பிடவே இல்லை, அண்ணா. நீங்களாகவே லாரியை ஓரங்கட்டினீர்கள். என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்தருகே படுத்து பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸை விரல்களால் பிடித்துப் பார்த்தீர்கள். மிதிக்க மிதிக்க அது தவளைத் தொண்டைபோல் உப்பியது. தாராபுரம் அழைத்துப்போய்ப் புது ஹோஸ் வாங்க வைத்து, திரும்பி வந்து மாட்டினீர்கள். இடது பின்சக்கரத்தில் தொடங்கி, நாலிலும் குமிழி நிற்கும்வரை காற்றெடுத்தீர்கள். “காற்று வெளியேறும் நிப்பிளை மூடிய பிறகு காலை எடு தம்பி, வடிந்த ஆயிலை மறுபடி ஊற்றாதே.”

பணத்தைத் தொடவில்லை. இதைப் பார்த்தால் தகவல் சொல்லுங்கள். உங்கள் ஸ்பேனர் ஒன்று என் டிக்கியில் இருக்கிறது.