பத்தால் வகுக்கிற கணக்கு

மண்டபம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூரில் எல்லாரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முட்டுவலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது, மற்றபடி குறையொன்றுமில்லை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமர்ந்துவிட்டது, ஐஸ் வியாபாரம் பரவாயில்லை. 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்தபின் ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. பாலத்தில் ரயில் சத்தம் இல்லாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஊரே ஒரு மாதிரி இருந்தது, இப்போதுதான் பழையபடி ஆகியிருக்கிறது.

நீ கடிதத்தின் நடுவில் எழுதியிருந்தாயே, அந்த விஷயம்தான் மனதை விட்டுப் போகவில்லை. போன ஜூனில் பள்ளிக் கட்டணம், கார் இன்சூரன்ஸ், நான்கு டயர் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நின்று, என் தங்கச்சியின் சங்கிலி அடகுக்குப் போனது என்றும், இன்னும் மீட்டபாடில்லை என்றும் எழுதியிருந்தாய். "நன்றாகத்தானே சம்பாதிக்கிறேன், பணம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை" என்ற வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். நீ ஊதாரி இல்லை, அது எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவை மாதச் சம்பளத்தில் சமாளிக்கப் பார்க்கிறாய், அதுதான் கையைக் கடிக்கிறது.

எங்கள் கரையில் இதைத் தவிர்க்க முடியாமல் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும் போகும். விசைப்படகு நின்றால் எனக்கு ஐஸ் விற்பனையும் நின்றது என்று அர்த்தம். அதே நாட்களில்தான் படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இன்ஜின் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் வைத்துக்கொள்வார்கள். வரவே இல்லாத நேரத்தில் வருஷத்தின் பெரிய செலவு. அரசாங்கம் தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்கிறது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்றும் உண்டு. உறுப்பினர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ரூபாயாகத் திரும்ப வரும். இதெல்லாம் ஒத்தாசைதான், இரண்டு மாதக் குடும்பம் இதில் ஓடாது. முன்னாலேயே ஒதுக்கி வைத்தவர் படகைத் தன் காசில் பார்த்துக்கொள்வார். ஒதுக்காதவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார், அப்புறம் அந்த வருஷம் பூராவும் மீனை அந்த வியாபாரி சொல்கிற விலைக்கே போட வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தை நான் தினமும் கரையில் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் கணக்கு எழுதுவது என் மனைவி, உன் தங்கச்சிதான். அவள் செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பள்ளி நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் என்று பன்னிரண்டு பக்கம் ஒதுக்கி, எந்தப் பக்கத்தில் எந்தச் செலவு வந்து நிற்கும் என்று முதலில் எழுதுவாள். ஜூன் பக்கத்தில் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம். ஐப்பசியில் தீபாவளி. ஏப்ரலிலும் அக்டோபரிலும் சொத்துவரி. (நகராட்சிப் பகுதியில் அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். நீயும் விடாதே.) மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம். கோடையில் மட்டும் அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைப்பாள், ஏனென்றால் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு நிற்காது. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கிடைக்கிற குறைந்த விலையும் போய்விடும். மே மாதம் ஏசி ஓடுகிற வீட்டில் மீட்டரை இடையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்துத்தான் முக்கியமான இடம். வருஷச் செலவைக் கூட்டி எல்லாரும் பன்னிரண்டால் வகுப்பார்கள். அவள் பத்தால் வகுக்கிறாள். தடைக்கால இரண்டு மாதம் எதையும் ஒதுக்க முடியாது, அப்போது ஒதுக்கியதை எடுத்துத்தான் சாப்பிட வேண்டும். உனக்குத் தடைக்காலம் இல்லை, மாதாமாதம் சம்பளம் வருகிறது என்பாய். ஆனால் ஜூனிலும் தீபாவளி மாதத்திலும் உன்னால் ஒரு ரூபாய் ஒதுக்க முடியுமா, யோசித்துப் பார். அந்த இரண்டு மாதத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடு. பத்தால் வகுத்தால் மாதத்தொகை கொஞ்சம் கூடும்தான், ஆனால் அந்தக் கணக்குதான் நடைமுறையில் நிற்கும்.

காருக்கு வருகிறேன். எங்களுடையதும் பழைய ஸ்விஃப்ட்தான், அதனால் தொகை உனக்கும் ஏறக்குறைய ஒத்துவரும். இன்சூரன்ஸ் 9,000. வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ், 6,000 வீதம் 12,000. டயர் செட் 18,000, நான்கு வருஷம் வரும் என்று வைத்தால் வருஷத்துக்கு 4,500. பேட்டரி 5,000, அதுவும் நான்கு வருஷம் என்றால் 1,250. புகைச் சான்றிதழ், துரு வேலை, சில்லறை ரிப்பேருக்கு 3,250. மொத்தம் 30,000, பத்தால் வகுத்தால் மாதம் 3,000. பெட்ரோல் இதில் சேராது. இந்த 3,000 ரூபாயை வாடகை மாதிரி பாவித்து முதல் தேதியிலேயே எடுத்துவிட வேண்டும், மாதக் கடைசியில் மிச்சமிருந்தால் போடலாம் என்று காத்திருந்தால் அது நடக்காது.

துரு வேலைக்குத் தனியாக ஒதுக்குவது எங்கள் ஊர்த் தலையெழுத்து. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டு பக்கமும் உப்புக்காற்று. காரின் கால்மிதியைத் தூக்கி, தரைத்தகடு பக்கத்தகட்டோடு சேர்கிற மடிப்பில் விரலால் தடவினால் செம்பழுப்பாக ஒட்டும். சக்கரத்துக்கு மேல்வளைவில் பெயிண்ட் சின்னக் கொப்புளமாக எழும்பியிருக்கும், நகத்தால் அமுக்கினால் உள்ளே பொருக்கு நொறுங்கும். அந்த நிலையில் சுரண்டிப் பூச்சு அடித்தால் சில நூறு ரூபாயில் முடியும். ஓட்டை விழுந்தபிறகு போனால் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் போகும். நீ கடலுக்குத் தூரத்தில் இருக்கிறாய், ஆனால் பழைய கார் வாங்கியிருப்பதால் அது முன்பு எந்த ஊரில் ஓடியது என்று பதிவுச் சான்றைப் பார்த்துக்கொள். கடற்கரை ஊர் என்றால் அடிப்பகுதியை ஒருமுறை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடு.

டயரும் உன்னைச் சும்மா வந்து தாக்கவில்லை, முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் வரும். டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். மேல்ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அதற்குமேல் ஓட்டக்கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. இந்த இரண்டையும் இப்போது பார்த்தால் அடுத்த செட் எந்த வருஷப் பக்கத்தில் வரும் என்று தெரிந்துவிடும். இரண்டு டயராகப் பிரித்து வாங்கவும் அவகாசம் கிடைக்கும்.

இன்சூரன்ஸில் ஒன்று சொல்ல வேண்டும். 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கானது) 3,416 ரூபாய் என்று 2022 ஜூனில் நிர்ணயித்தார்கள். அந்தப் பகுதியில் பேரம் கிடையாது. வித்தியாசமெல்லாம் உன் வண்டிச் சேதத்துக்கான பகுதியில்தான், அதனால் அங்கே மட்டும் நான்கு இடத்தில் விலை கேள். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் 20 சதவீதம் தள்ளுபடி, தொடர்ந்து ஐந்து வருஷம் என்றால் 50 சதவீதம் வரை போகும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போச்சு. பணம் புரளவில்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது இதைத்தான். பாலிசி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம் தனி. விபத்து நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போகிற கணக்கையும் எழுதிவிடுகிறேன். இங்கிருந்து போக வர 300 கிலோமீட்டர். பெட்ரோல் இரண்டாயிரத்தை ஒட்டி வரும், போகலூர், திருப்பாச்சேத்தி சுங்கம் வேறு. இதுவரைதான் நாம் வழக்கமாக எண்ணுவோம். 18,000 ரூபாய் டயர் செட் 40,000 கிலோமீட்டர் வந்தால் கிலோமீட்டருக்கு 45 பைசா, ஆக இந்த ஒரு பயணத்தில் டயர் மட்டும் 135 ரூபாய் தேய்கிறது. சர்வீஸுக்கும் அதுபோல ஒரு பங்கு உண்டு. ரயிலில் நானும் அம்மாவும் போய் வர இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதனால் முட்டு அனுமதிக்கிற நாளில் ரயில், வலி அதிகமான நாளில் கார் என்று வைத்திருக்கிறோம். காரை வீட்டில் நிறுத்திவைக்கச் சொல்லவில்லை, அம்மாவுக்காகத்தான் அதை வாங்கியதே.

ஒதுக்கிய பணத்தை எங்கே வைப்பது என்று கேட்பாய். சம்பளக் கணக்கிலேயே விட்டால் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காதே, செல்போனில் பணம் அனுப்புகிற செயலியோடும் இணைக்காதே. எடுக்க வேண்டுமென்றால் நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும், அந்தச் சிரமமே பாதிப் பணத்தைக் காப்பாற்றும். தெரிந்தவர் நடத்துகிற தீபாவளிச் சீட்டில் இந்தப் பணத்தைப் போடாதே. பதிவு செய்யாத சீட்டு உடைந்தால் கேட்க நாதியில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் அப்படி மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தொலைத்துவிட்டு நின்றது.

முதல் வருஷம் உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பழைய அடகு வட்டியையும் கட்டிக்கொண்டு புதிதாக ஒதுக்கவும் வேண்டும். அதனால் எல்லாச் செலவுக்கும் ஒரேயடியாக ஒதுக்கப் பார்க்காதே. இந்த ஜூனில் வருகிற பள்ளிக் கட்டணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் மட்டும் இன்றிலிருந்து எடுத்து வை. தீபாவளி போனஸ் வந்ததும் வேறெதிலும் கை வைக்காமல் சங்கிலியை மீட்டுவிடு. வட்டி நின்றுவிட்டால் அந்தத் தொகையே அடுத்த வருஷம் டயருக்கும் பேட்டரிக்கும் ஆகும். இதையெல்லாம் நீ மட்டும் மனதில் போட்டுக்கொண்டு குமையாதே, நோட்டை என் தங்கச்சியிடம் கொடு. என்ன விலைக்கு எது வாங்குகிறோம் என்பது உன்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்த வார ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கத்தையும் எழுதிவிடுங்கள். கார் பாலிசித் தாளையும் டயர் பக்கவாட்டு எண்ணையும் படம் எடுத்து அனுப்பு. வண்டி மதிப்பு எவ்வளவு போட்டிருக்கிறார்கள், எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து உடனே சொல்கிறேன். தடைக்காலத்தில் எனக்கும் வேலை இருக்காது, மே மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா. ரயிலில் வா, மாப்ள.

உன் அன்பு நண்பன்