அம்மாவிடம் தமிழில் கேட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போன வாரம் மறதி நோய் ஆய்வுக் குழுவிலிருந்து அழைத்தார்கள். அடுத்த கட்டத்துக்கு நிதி கிடைத்துவிட்டது, அம்மாவைத் தொடர்ந்து பார்க்க வருவோம் என்றார்கள். போனை வைத்ததும் அழுதுவிட்டேன். யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தால் ஆள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 78. இப்போது கோலாலம்பூர் செந்தூலில் என்னோடு அடுக்குமாடியில் இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், சின்ன வயதிலேயே ரப்பர் பால் பிடிக்கும் மங்கு துடைக்கப் போனவர். கையெழுத்து போடுவார், அவ்வளவுதான். ஆனால் இருபது பேர் சேர்ந்து கூட்டு (சீட்டு) கட்டிய பணத்துக்கு நோட்டுப் புத்தகம் இல்லாமல் கணக்கு வைத்திருந்தவர். யார் எந்த மாதம் எடுத்தார்கள், யார் பாக்கி என்று கேட்ட நிமிஷத்தில் சொல்வார்.

அந்த அம்மா ஒரே ஆளுக்கு இரண்டு முறை கூட்டுப் பணத்தைக் கொடுத்தார். அப்புறம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று, தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் நேரத்தை நினைத்து, தலைவிளக்கைத் தேட ஆரம்பித்தார். தோட்டத்தை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆகிறது.

முதலில் போன கிளினிக்கில் மலாயில் கேள்வி கேட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "படிக்காதவர், வயதும் ஆகிவிட்டது, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். அதில் இரண்டு வருஷம் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகுதான் ஆய்வுக் குழுவிலிருந்து நீங்கள் வந்தீர்கள், தங்கச்சி. கையில் ஒரு பையும் கேள்வித் தாள்களுமாக, லிஃப்ட் கெட்டுப்போயிருந்த நாளில் ஆறு மாடி ஏறி வந்தீர்கள். முதல் அரை மணி நேரம் எந்தத் தோட்டம், யார் கங்காணி என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். பிறகு மூன்று சொற்களைத் தமிழில் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். கடைசியில் என்னைத் தனியாக உட்காரவைத்து, "பத்து வருஷத்துக்கு முன்னால் அம்மா எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். கூட்டுக் கணக்கைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். அம்மாவைப் படித்தவர்களோடு ஒப்பிடாமல், பழைய அம்மாவோடு ஒப்பிட்டுப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்.

இது சின்ன விஷயமில்லை. 2018-இல் மலேசியா முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் அது கூடுதல். படிப்புக் குறைவு இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. அதே சமயம், படித்தவர்களுக்காகச் செய்த கேள்விகள் படிக்காதவர்களின் நிலையைச் சரியாகக் காட்டாது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு வேண்டும், அதற்குக் காசு வேண்டும். அந்தக் காசு பெரிய இயந்திரங்களுக்குத்தான் போகிறது என்று நினைத்திருந்தேன். மூன்று மொழியிலும் கேள்விகளை மொழிபெயர்த்துச் சரிபார்ப்பவர்களுக்கும், வீடு வீடாகப் போகிற உங்களைப் போன்றவர்களின் சம்பளத்துக்கும், இரத்தப் பரிசோதனைக்கும்தான் நிறையப் போகிறது என்று இப்போது தெரியும்.

இந்த வேலைக்கு இங்கே ஏற்கெனவே பாதை போட்டவர்களும் இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தினர் உயர்கல்வி அமைச்சின் நிதியில், லெம்பா பந்தாயிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து, 55 வயதைத் தாண்டிய மலாய், சீன, இந்திய மூத்தோரை வீடு தேடிப் போய்ச் சந்தித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். அதில் கலந்துகொண்ட ஒவ்வொரு பாட்டிக்கும் தாத்தாவுக்கும் என் வணக்கம். உங்கள் பொறுமையால் எங்களைப் போன்றவர்களுக்கும் நன்மை.

ஆய்வுக் குழு அம்மாவை அனுப்பிவைத்த இடத்தில் இருந்த முதியோர் மருத்துவருக்கு நன்றி. அவசரப்படாமல் தைராய்டு, பி12 வைட்டமின், மன அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்தார். இவற்றாலும் மறதி வரும், சரிசெய்யவும் முடியும் என்று விளக்கினார். பி12 உண்மையாகவே குறைவாக இருந்தது. ஊசி போட்ட பிறகு அம்மாவின் சோர்வு குறைந்தது. காது பாதி கேட்கவில்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். காதுக் கருவி வைத்த அன்று அம்மா சமையலறையில், "குக்கர் இவ்வளவு சத்தமா போடும்?" என்று கேட்டார். ஸ்கேனுக்குப் பிறகு, அல்சைமரும் மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்த வகை என்று சொன்னார்கள். இருபத்தைந்து வருஷ இனிப்புநீரும் (நீரிழிவும்) இரத்த அழுத்தமும் செய்த வேலை அதில் உண்டு. கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் தெரிந்த பிறகுதான் நான் அம்மா மேல் கோபப்படுவதை நிறுத்தினேன்.

பராமரிப்பாளர் வகுப்பு நடத்திய அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பும் அம்மாவிடம், "தோட்டமே இல்லைம்மா" என்று நான் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்: "அந்தக் காலத்தில் எப்போது வேலை இருக்காது?" மழை பெய்தால் பால் வெட்டு இருக்காது என்றேன். மறுநாள், "மழை பெய்யுதும்மா, இன்னைக்கு வெட்டு இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியா" என்று தலை வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் ஆறு மணி வரை தூங்கிய நாள் அது. எந்த மருந்துக் கடையிலும் இது கிடைக்காது. நிதி கொடுப்பவர்கள் நோயைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடாமல், இந்த வகுப்புகளுக்கும் ஒதுக்கியதற்கு அந்தத் தூக்கம் சாட்சி.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை), அம்மா கீழே இறங்கிப் போனபோதெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டி வந்தீர்கள், தெரிமா காசே, நன்றி. கீழ்க் கடை மாமாக் (இந்திய முஸ்லிம்) அண்ணன், அம்மா வந்து உட்கார்ந்தால் சீனி போடாத டீயைக் கொடுத்துவிட்டு எனக்கு போன் போடுகிறீர்கள். கோயில் மண்டபத்தில் மறதி நோய் பற்றிப் பேச இடம் கேட்டபோது வாடகை வாங்காத நிர்வாகத்தினர், அன்று உண்டியலில் பத்தும் ஐம்பதும் போட்டவர்கள், ஆய்வு நிதிக்கு அதைக் கொண்டுசேர்த்த இளைஞர்கள், உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கோ ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் படித்து, "சரி, கொடுக்கலாம்" என்று கையெழுத்திட்டவருக்கும் நன்றி. உங்களை நான் பார்த்ததில்லை.

தங்கச்சி, அம்மாவுக்கு உங்கள் பெயர் நினைவில் நிற்பதில்லை. "கணக்கப்பிள்ளை மகள் வந்தாளா?" என்றுதான் கேட்கிறார். போன தடவை வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனீர்கள். அதை மட்டும் அம்மா மறக்கவே இல்லை. அடுத்த மாதம் வரும்போது மேலிடத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள். மீன் கறி வைக்கச் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு மகள்